வில்லன் பிறக்கும் வீடு

தொலைக்காட்சித் தொடர் நாடகங்களை நமது விமர்சகர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ‘பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இலட்சோப இலட்சம் மக்கள் நாள்தோறும் கண்டு, மறுநாள் குழாயடியிலும் பஸ்ஸிலும் விவாதிக்கின்ற ஒரு கலைவடிவத்தை ஒதுக்குவது அம்மக்களையே ஒதுக்குவதாகும். இதனை நாம் ஏற்க முடியாது.

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டியது மட்டக்குளி. துறைமுகத் தொழிலாளரும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரும் இங்குள்ள தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் வாழ்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நாடு மின்வெட்டாலும் எரிவாயுத் தட்டுப்பாட்டாலும் திணறியபோது, இரவு ஒன்பதரை மணிக்காவது மின்சாரம் வராதா என்று காத்திருந்த வீடுகள் இங்கே பல. அவ்வாண்டு பெப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ நாடகத்துக்காகவே அந்தக் காத்திருப்பு. அந்நாடகத்தில் அவர்களை ஈர்த்தவர் கதாநாயகியா? இல்லை, வில்லன் ஆதி குணசேகரன்!

ஏன் என்று ஆராய்வது நமது கடமை.

தமிழ்த் திரையின் பழைய வில்லன்களை எண்ணிப் பாருங்கள். பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பும் எம். என். நம்பியாரின் பார்வையும் நம் நினைவை விட்டு அகலவில்லை. ஆயினும் அவர்கள் ஏற்ற பாத்திரங்களிற் பல, கொடுமைக்காகவே கொடுமை செய்தவை. அந்தத் தீமைக்கு ஊருமில்லை, உத்தியோகமுமில்லை. பின்வந்த தொடர் நாடகங்களோ புருவத்தை உயர்த்திச் சூழ்ச்சி செய்யும் மாமியாரையும் நாத்தனாரையும் வில்லிகளாக்கிப் பெண்ணுக்குப் பெண்ணே பகை என்ற பிற்போக்குக் கருத்தை வளர்த்தன.

‘எதிர்நீச்சலை’ இயக்கிய திருச்செல்வமே 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ நாடகத்தைத் தந்தவர். அதன் வில்லன் ஆதித்யா பெருஞ் செல்வன், பெருஞ் சதிகாரன். குணசேகரன் அவனைவிடச் சிறியவர். உண்ட தட்டை எடுக்கச் சொல்வதும், வெளியே புறப்பட்டவளை வாசலில் மறிப்பதும், சம்பாதிக்க விரும்பும் மருமகளைப் பார்த்துச் சிரிப்பதுமே அவருடைய அன்றாடக் கொடுமைகள். ஆனால் அந்தச் சிறுமையே அவரைப் பெரிய பாத்திரமாக்கிற்று. ஆதித்யாவை நாம் திரையில் மட்டுமே கண்டோம். குணசேகரனை அடுத்த வீட்டிலும் காண்கிறோம். உண்மையைச் சொன்னால், நம் வீட்டிலும் காண்கிறோம்.

இப்பாத்திரம் தன்னைக் கெட்டவன் என்று கருதுவதில்லை. குடும்பத்தின் மானத்தைத் தனியொருவனாகத் தாங்கி நிற்பதாகவே நம்புகிறது. கம்பன் கைகேயியைப் பிறவிக் கொடியவளாகப் படைக்கவில்லை. தூய மனம் திரிவதைக் காட்டினான். எக்காலத்துக்கும் பொருந்தும் பாடம் இதுதான்: தன் நியாயத்தை உடைய வில்லனே நிலைப்பான்.

அந்த நியாயத்தின் அடியில் பொருளாதாரம் இருப்பதையும் நாடகம் மறைக்கவில்லை. படித்த மருமகள்மார், ஆனால் அவர்களுடைய படிப்பு சமையலறை வாசலோடு நின்றுவிடுகிறது. அப்பத்தாவின் பெயரில் உள்ள நாற்பது வீதச் சொத்து கைநழுவுமோ என்று அஞ்சும்போது குணசேகரனின் கர்ச்சனை நடுக்கமாகிறது. கூலியில்லாத உழைப்பும் சொத்துரிமையுமே அவருடைய அதிகாரத்தின் இரு தூண்கள். பல முற்போக்கு நாவல்கள் பிரசங்கமாகச் சொன்னதை இந்நாடகம் அடுப்பங்கரையில் வைத்துக் காட்டிற்று.

எனினும் நமது பாராட்டுக்கு ஓர் எல்லை உண்டு. மாரிமுத்துவின் நடிப்பிலே ‘இந்தாம்மா ஏய்’ என்ற அதட்டல் ஊரெங்கும் வேடிக்கைப் பேச்சாயிற்று. ஆண்கள் அதைச் சொல்லி மனைவியரை அழைத்தார்கள், பெண்களும் சிரித்தார்கள். கண்டிக்கப்பட வேண்டிய சொல் கொண்டாடப்படும் சொல்லானது எப்படி? அமெரிக்காவில் ‘பிரேக்கிங் பாட்’ தொடரைப் படைத்த வின்ஸ் கில்லிகன், தீய பாத்திரங்கள் பின்பற்றத்தக்கோராகிவிடுவதைக் குறித்து 2025இல், எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்ற மேடையிலேயே கவலை தெரிவித்தார். அக்கவலை நமக்கும் உரியது.

குற்றம் நடிகருடையதன்று. நாள்தோறும் ஓடவேண்டிய நாடகத்தில் வில்லன் தோற்றால் கதை முடியும். கதை முடிந்தால் விளம்பர வருமானமும் நிற்கும். ஆகவே பெண்கள் ஓரடி முன்னே வைத்தால் மறுவாரம் ஈரடி பின்தள்ளப்படுகிறார்கள். தோல்வியை நாள்தோறும் பார்ப்பவர்களுக்குத் தோல்வியே இயற்கை என்று தோன்றிவிடும். 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி மாரிமுத்து காலமானார். வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். 2024 ஜூனில் நாடகம் முடிந்தது; அவ்வாண்டு டிசெம்பரிலேயே இரண்டாம் பாகம் தொடங்கிற்று. நடிகர் மறைந்தார், குணசேகரன் மறையவில்லை. வர்த்தகம் அவரைச் சாகவிடாது.

நமது நாட்டிலும் 1979 முதல் தொலைக்காட்சி உண்டு. 1982 முதல் ரூபவாஹினி உண்டு. சிங்களத் தொடர் நாடகம் தனக்கென ஒரு மரபை வளர்த்துக்கொண்டது. நாமோ மதுரையின் வில்லனைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம். நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்பவனும், மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பும் தரகனும், மனைவியின் சம்பளத்தை மாத முடிவில் எண்ணி வாங்கும் கணவனும் மட்டக்குளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் தத்தம் நியாயங்கள் உண்டு. அந்த நியாயங்களைக் கேட்டு எழுதவும், பின் அவற்றை உடைத்துக் காட்டவும் வல்ல எழுத்தாளன் நமக்கு வேண்டும்.

நல்ல வில்லனைப் படைப்பது பாதிப் பணியே. அவன் எங்கிருந்து பலம் பெறுகிறான் என்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்ளும்படி செய்வது மறுபாதி. அதைச் செய்யாத எழுத்து எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், முடிவில் வில்லனுக்கே ஊழியம் செய்யும்.