குத்தகைக்குப் போன காணி: சிங்கிளேயரின் 'எண்ணெய்!' பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்கிளேயர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எண்ணெய்!' என்னும் நாவல், எண்ணெய் முதலாளிகளின் அக்கிரமங்களை அம்பலப்படுத்தும் நூல் என்ற அளவிலேயே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உள்துறை அமைச்சராயிருந்த அல்பேர்ட் ஃபோல், கடற்படைக்கென ஒதுக்கப்பட்டிருந்த எண்ணெய் நிலங்களை 1922இல் இலஞ்சம் பெற்றுக்கொண்டு குத்தகைக்கு விட்ட ஊழலின் சாயலை நாவலிற் காண்கிறோம். எனினும், நாவலின் உயிர்நிலை அப்பகுதிகளில் இல்லை என்பதே எமது கருத்து. அது இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. 'குத்தகை' என்ற தலைப்பைத் தாங்கிய அவ்வத்தியாயத்தின் முதன்மைப் பாத்திரம் முதலாளியல்ல. தம் காணியைக் கம்பனிக்குக் கொடுக்கக் கூடிய சாதாரண அயலவர்களே. இவர்களைப் படைத்த அளவில் ஆசிரியர் வென்றார். இவர்களை இடைவழியிற் கைவிட்ட அளவில் தோற்றார்.

எம் நாட்டு வாசகருக்கு இங்கு ஒரு விளக்கம் அவசியமாகிறது. இலங்கையில் காணி உறுதி வைத்திருப்பவர் மண்ணுக்கு உரியவரேயன்றி, மண்ணுக்கடியிலுள்ள கனிப்பொருளுக்கு உரியவரல்லர். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைக் குடியரசுக்கே உரியதாக்கியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் தனியார் காணியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அங்கு மேல்மண்ணின் உரிமையோடு அடிமண்ணின் உரிமையும் காணிக்காரருக்கே செல்லும். பின்னர் அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம்; குத்தகைக்கும் விடலாம். ஒப்பமிடும்போது கையில் ஒரு தொகை. எண்ணெய் கிடைத்தால் விளைவில் ஒரு பங்கு. நெடுங்காலமாக வழக்கிலிருந்து வந்தது எட்டிலொரு பங்கு. குத்தகையின் தவணை சில ஆண்டுகள் என்றே எழுதப்படும். ஆனால் அதன்பின் எண்ணெய் வந்துகொண்டிருக்குமட்டும் அது தொடரும் என்ற வாசகமும் கூடவே எழுதப்படும். சில ஆண்டுகளுக்கென்று கொடுத்த காணியின் அடிமண் ஒரு தலைமுறை கழிந்தும் திரும்பாமற் போவது இவ்வாசகத்தின் வலிமையாலேயே.

நிலத்தடி எண்ணெய்க்கு வேலியும் எல்லைக்கல்லும் தெரியாது. என் காணிக்கடியில் உள்ளது அயலவரின் கிணற்றுக்குள் ஓடிவிடலாம். 1889ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநில உயர் நீதிமன்றம் எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குக்கு ஒப்பிட்டது. அடுத்த காணிக்குள் சென்று அங்குள்ளவர் வசப்பட்டதும் முன்னவரின் உரிமை அற்றுப்போகும் என்பது அதன் கருத்து. முந்தித் தோண்டுபவர் அள்ளிக்கொள்வார், காத்திருப்பவர் இழப்பார். அயலவரை அயலவருக்குப் போட்டியாளராக்கும் ஏற்பாடு மனித சுபாவத்திலன்றிச் சட்டத்திலேயே பொதிந்திருக்கிறது என்பதை மனத்திற்கொண்டு நாவலுக்குள் நுழைதல் நன்று.

கலிபோர்னியாவில் லோங் பீச் நகரை அடுத்த சிக்னல் ஹில் குன்றில் 1921ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஷெல் கம்பனியின் கிணறு எண்ணெய் கண்டது. வீடு கட்டுவதற்கெனச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்த குன்று அது. அங்கிருந்த மயானத்தின் கீழிருந்தும் எண்ணெய் எடுக்கப்பட்டபோது, புதைக்கப்பட்டோரின் உறவினருக்குப் பங்குப் பணம் சென்றது என்பது எண்ணெய் வரலாற்றிற் பதிவாகியுள்ள செய்தி. சிங்கிளேயரின் மனைவியாருக்கும் அக்குன்றிற் காணித் துண்டுகள் இருந்தன. அங்கு நடந்த காணிக்காரர் கூட்டங்களே நாவலுக்கு வித்திட்டன. இரண்டாம் அத்தியாயத்தின் கூர்மை கற்பனையால் மட்டும் வந்ததன்று.

நாவலில் அக்குன்றுக்கு வேறு பெயர். ஒரே தெருவைச் சேர்ந்த காணிக்காரர்கள் குரோட்டி அம்மையார் வீட்டில் இரவில் ஒன்றுகூடுகின்றனர். துண்டுகள் சிறியவையாதலால் தனித்தனியே கொடுப்பதிற் பயனில்லை. சேர்ந்து கொடுத்தாலே கம்பனி ஏற்கும். ஆகவே அவர்கள் ஒன்றுபடவேண்டியது தேவை. அத்தேவையை அவர்களும் உணர்ந்தேயிருக்கின்றனர். இருந்தும், பங்கைக் காணிக்குக் காணி சமமாகப் பிரிப்பதா, பரப்பளவுக்கேற்பப் பிரிப்பதா என்ற கேள்வி எழுந்ததும் கூட்டம் குலைகிறது. பெரிய துண்டுக்காரர் ஒருபுறம், சிறிய துண்டுக்காரர் மறுபுறம். நேற்றுவரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தவர்கள், இன்னும் தோண்டப்படாத கிணற்றின் இன்னும் வராத எண்ணெய்க்காக ஒருவரையொருவர் வசைபாடுகின்றனர். தாம் தரகனல்லன், சொந்த இயந்திரமும் சொந்த ஆட்களும் கொண்டு தோண்டுபவன் என்று விளக்கிப் பேசிவிட்டுக் காத்திருக்கும் ஜே. ஆர்னல்ட் றொஸ், இவர்களோடு மாரடிக்க நேரமில்லையென்று எழுந்து போய்விடுகிறார். குன்றில் வேறு காணிகள் உண்டு, அவருக்கு அவசரமில்லை.

இக்காட்சியை மனிதரின் பேராசையைக் கேலிசெய்யும் அங்கதமாக மட்டும் படிப்பவர்கள் அதன் சாரத்தைத் தவறவிடுகின்றனர். கூட்டத்திற் கூடியவர்கள் அனைவரும் சட்டப்படி சுதந்திரமானவர்கள். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. றொஸ் கொடியவருமல்லர், தொழிலை நன்கறிந்தவர், மகனிடம் பேரன்பு கொண்டவர், சொன்ன சொல்லைக் கூடியவரை காப்பவர். ஒரு பக்கம் மூலதனமும் இயந்திரமும் அனுபவ அறிவும். மறு பக்கம் ஆளுக்கொரு துண்டுக் காகிதம். இவ்விரு பக்கத்தாரும் சமமானவர்களாக மேசையில் அமர்ந்து ஒப்பமிடுவதாகத் தோன்றுவதே குத்தகையின் மாயம். சுரண்டல் சாட்டையோடு வருவதில்லை, பேனாவோடு வருகிறது. இதனைப் பிரசங்கம் செய்யாமல், ஓர் அறைக்குள் நடக்கும் சச்சரவின் மூலமே காட்டியமை யதார்த்தவாதத்தின் வெற்றி எனலாம்.

அடுத்து வரும் வட்கின்ஸ் குடும்பத்தின் பண்ணைப் பகுதி இதனை மேலும் ஆழப்படுத்துகிறது. கூட்டத்தின் தொல்லையிற் பாடங்கற்ற றொஸ் இம்முறை குத்தகை கேட்கவில்லை. காடை வேட்டைக்கு வந்தவராகப் பாசாங்கு செய்து, நிலத்தில் எண்ணெய்க் கசிவு உண்டென்பதை மறைத்து, கடனில் மூழ்கிய ஏழை விவசாயியிடம் பண்ணையையே விலைக்கு வாங்கிவிடுகிறார். இங்கும் சட்டம் மீறப்படவில்லை. விற்பவருக்குத் தெரியாததை வாங்குபவர் அறிந்திருந்தார், அவ்வளவே. முதலாளியின் மகனான சிறுவனின் மனம் இதைக் கண்டு உறுத்துகிறது. நாவலின் திருப்புமுனை இவ்வுறுத்தலே. நாவலின் பலவீனமும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஏனெனில், இதன்பின் சிங்கிளேயர் உலகை அம்மகனின் கண்களாலேயே காண்கிறார். வட்கின்ஸின் மகன் போல், போரும் சைபீரிய அனுபவமும் புடம்போட்ட தொழிலாளர் தலைவனாக வளர்கிறான். ஈற்றில் வன்முறைக் கும்பலின் தாக்குதலுக்குப் பலியாகிறான். மதிப்புக்குரிய இப்பாத்திரத்தை நாம் நேராகச் சந்திப்பதைவிட, அனுதாபம் மிக்க செல்வந்த நண்பனின் வியப்பினூடாகச் சந்திப்பதே அதிகம். நாவல் முடிவில் நம்பிக்கை எங்கே வைக்கப்படுகிறது? அந்தச் செல்வந்த இளைஞன் நிறுவ எண்ணும் தொழிலாளர் கல்லூரியில். மனச்சாட்சியுள்ள வாரிசின் நற்செயலே விடிவாகக் காட்டப்படும்போது, வர்க்க முரண்பாட்டை அவ்வளவு தெளிவாகக் கண்ட பேனா அறநெறிப் பாதைக்கு விலகிவிட்டது என்று சொல்லாமலிருக்க முடியவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குரோட்டி அம்மையார் வீட்டிற் கூடியவர்கள் நாவலின் மையத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். அவர்களுக்கும் கிணற்றடியிற் பாடுபடும் தொழிலாளிக்கும் என்ன உறவு என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பவேயில்லை. 1894இல் வெளிவந்த 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், சுரங்கங்களுக்கான நிலவாரத்தைப் பற்றி மார்க்ஸ் ஆராய்கிறார். காணிக்காரர் பெறும் பங்கு மண் ஈன்ற பரிசன்று. உழைப்பு படைத்த உபரியில் உடைமையின் பெயரால் ஒதுக்கப்படும் ஒரு கூறு. அவ்வாறாயின் சிறு காணிக்காரரின் நிலை இரட்டை நிலையாகும். கம்பனிக்கு முன் அவர் ஏமாற்றப்படக்கூடியவர். தொழிலாளிக்கு முன் அவர் வாரம் வாங்குபவர். தம்மைக் குட்டி முதலாளியாகக் கருதும்வரை அவர் கம்பனியின் பக்கமே சாய்வார். வேலைநிறுத்த அத்தியாயங்களில் இந்த அயலவர்கள் மீண்டும் வந்திருந்தால், எவர் பக்கம் நின்றிருப்பார்கள்? சிங்கிளேயர் எழுதாமல் விட்ட அத்தியாயம் அதுவே.

2007இல் போல் தோமஸ் அண்டர்சன் இந்நாவலைத் தழுவி எடுத்த திரைப்படம் பெரும் புகழ் ஈட்டியது. அதன் நடிப்புத் திறனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அப்படத்தில் தொழிற்சங்கமில்லை, வேலைநிறுத்தமில்லை, ஊழல் அமைச்சருமில்லை. எஞ்சியிருப்பது தனிமனிதன் ஒருவனின் அடங்காத வெறி. நல்ல மனிதரும் இந்த அமைப்பில் இவ்வாறே நடப்பார் என்றது நாவல். இவன் இத்தகைய மனிதன் என்கிறது படம். எண்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தைக் கலைஞரின் சுதந்திரம் என்று மட்டும் சொல்லி அமைவதற்கில்லை.

அயலவர்கள் ஒன்றுபட்டிருந்தால் வென்றிருப்பார்களா என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட, அதே காலத்தின் வேறொரு வரலாற்றை நோக்குதல் தகும். ஒக்லஹோமாவில் வாழும் ஓசேஜ் பழங்குடியினர், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மேல்மண் தனித்தனியே பிரிக்கப்பட்டபோதும் அடிமண்ணைப் பொதுவுடைமையாகவே தக்கவைத்தனர். எண்ணெய்க் கம்பனிகள் ஏலத்திற் போட்டியிட்டுக் குத்தகை எடுத்தன; பணம் குடியினர் அனைவருக்கும் பங்கிடப்பட்டது. ஒற்றுமை பேரம் பேசும் வலிமையைத் தரும் என்பதற்கு இது சான்று. ஆயின், தம் பணத்தைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் எனப் பலருக்கு வெள்ளைக்காரப் பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டனர். 1920களில் பங்குரிமையைக் கவர்வதற்காகவே பலர் கொலைசெய்யப்பட்டனர். லிண்டா ஹோகன் என்னும் பழங்குடி எழுத்தாளர் 1990இல் வெளியிட்ட நாவல் இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டது. பொதுவுடைமை காகிதத்தில் இருந்தாற் போதாது. அதனைக் காக்கும் அரசியல் அதிகாரமும் அவர்கள் கையில் இருக்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

இவையெல்லாம் கடந்த காலக் கதைகளல்ல. பென்சில்வேனியா மாநிலம் 1979இல் காணிக்காரருக்கு எட்டிலொரு பங்கேனும் கொடுபடவேண்டுமென்று சட்டமியற்றியது. பாறையிடுக்கு வாயுவுக்காகக் கம்பனிகளின் முகவர்கள் வீடுவீடாகக் குத்தகைப் பத்திரத்தோடு சென்ற காலத்தில், அச்சட்டம் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கிணற்றிலிருந்து சந்தைவரை ஏற்படும் செலவுகளைக் கழித்தபின் எட்டிலொன்றைக் கணக்கிடுவது சட்டத்துக்கு முரணன்று என 2010இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவைக் கணக்கிடும் பேரேடு கம்பனியின் கையில். விளைவைக் கைநீட்டிப் பெறுவதே காணிக்காரரின் வேலை. குரோட்டி அம்மையாரின் முன்னறையில் பங்கு எவ்வளவு என்று சண்டையிட்டவர்கள், எதிலிருந்து பங்கு என்று கேட்க மறந்திருந்தார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க வாசகரைத் தூண்டும் ஆற்றல் 'எண்ணெய்!' நாவலின் இரண்டாம் அத்தியாயத்துக்கு இன்றும் உண்டு. ஆகவே அதன் குறைகளைச் சுட்டிய பின்னரும், ஆசிரியர்களும் மாணவர்களும் அதனைத் தேடிப் படிக்கவேண்டுமென்றே வற்புறுத்துவோம். காணியையும் குத்தகையையும் பொருளாகக் கொண்டு எழுத முனையும் எம் இளம் எழுத்தாளர்கள் சிங்கிளேயரிடமிருந்து அக்கூட்டத்தைக் கற்றுக்கொள்ளட்டும். கூட்டம் கலைந்தபின் அம்மனிதர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், இறுதிவரை அவர்களோடு கூடச் செல்லட்டும்.