பொறாமையும் ரஸனையும்

பொறாமையைக் கதையில் எழுதிவிடலாம். பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து, இப்படி நினைத்தான், அப்படி வெந்தான் என்று நாலு பக்கம் நிரப்ப எங்களுக்குச் சௌகரியம் இருக்கிறது. சினிமாவுக்கு அது கிடையாது. அதனால்தான் பல படங்களில் பொறாமைக்காரன் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டுகிறான்.

மிலோஷ் ஃபோர்மன் 1984-ல் எடுத்த 'அமேடியஸ்' அந்தச் சுலப வழியில் போகவில்லை. பீட்டர் ஷாஃபரின் 1979-ம் வருஷத்து நாடகம்தான் மூலம். வியன்னா அரண்மனை வித்வான் ஸாலியேரி, கிழவராகிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு, மோட்ஸார்ட்டைத் தாம் கொன்ற கதையை ஒரு பாதிரியாரிடம் சொல்கிறார். முதலில் தம்முடைய மெட்டுக்களை வாசித்துக் காட்டுகிறார். பாதிரியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு வேறொன்றை எடுக்கிறார். பாதிரியார் முகம் மலர்ந்து கூடவே முணுமுணுக்கிறார். அது மோட்ஸார்ட்டுடையது. ஒரு வாழ்க்கையின் தோல்வியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

படத்தின் உயிர் இன்னொரு கட்டத்தில் இருக்கிறது. மோட்ஸார்ட்டின் மனைவி, கணவனுக்குத் தெரியாமல் அவன் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஸாலியேரி படிக்கிறார். காகிதத்தில் கண் பட்டதும் நமக்குச் சங்கீதம் கேட்கிறது. கண்ணை எடுத்தால் அறுந்துவிடுகிறது. எல்லாம் முதல் பிரதி. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. தாள்கள் கை நழுவித் தரையில் விழுகின்றன. இங்கே காமிரா செய்வது அவர் முகத்தைக் காட்டுவது மட்டும்தான். மற்றதை ஒலி பார்த்துக்கொள்கிறது. அவருடைய காதை நமக்கு இரவல் கொடுத்துவிட்டார் டைரக்டர். அவர் ரஸிப்பதை நாமும் ரஸிக்கிறோம். ரஸிக்க ரஸிக்க அவர் சாவதையும் பார்க்கிறோம். எஃப். முர்ரே ஆப்ரஹாமின் முகத்தில் பரவசமும் வலியும் ஒன்றாகவே வருகின்றன.

குறை இல்லாமல் இல்லை. ஸாலியேரி சொல்லும் கதை என்றால், அவர் இல்லாத அறைகளில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வேலைக்காரியை உளவுக்கு வைத்து ஓரளவுதான் சமாளிக்கிறார்கள். சரித்திரமும் வேறு. 1791-ல் இறந்த மோட்ஸார்ட்டை ஸாலியேரி கொன்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை. வதந்தியை 1830-லேயே நாடகமாக்கினார் புஷ்கின். நிஜமான ஸாலியேரி, பேத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் மட்டுமல்ல, மோட்ஸார்ட்டின் மகனுக்கும்கூடப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

ஆனாலும் படம் பொய் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. கடைசியில் சாகக் கிடக்கும் மோட்ஸார்ட் சொல்லச் சொல்ல, ஸாலியேரி எழுதுகிறார். குரல்கள் தனித்தனியாக, பிறகு வாத்தியங்கள், பிறகு எல்லாம் சேர்ந்து நமக்குக் கேட்கின்றன. ஸாலியேரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. மெதுவாகச் சொல்லும்படி கெஞ்சுகிறார். திருட வந்தவர் அந்த இரவு சிஷ்யராகிவிடுகிறார். வேலை நடக்கும்வரை பொறாமைக்கு அங்கே இடமில்லை.

மட்டமான ரஸிகனுக்கு இந்த வியாதி வராது. உயர்ந்ததை அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் வரும். ஒரு தீபாவளி மலரில் என் கதைக்கு அடுத்தாற்போல் இன்னொருவர் கதை வந்திருந்தது. முதல் பாராவிலேயே நன்றாயிருப்பது தெரிந்துவிட்டது. அப்புறம் பிழை தேடித்தான் படித்தேன். கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு கார்டு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. படம் முடிந்தபோது எனக்கு வியன்னா நினைவுக்கு வரவில்லை. அந்தக் கார்டுதான் வந்தது.