ஒற்றைத் தவணைக்கான சான்றுகள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸை, அதாவது எச்.பி.வி.யை, எதிர்க்கும் தடுப்பூசி 2006இல் மூன்று தவணைகளாக அறிமுகமாகி, பின்னர் சிறுமியருக்கு இரண்டாகக் குறைந்து, 2022இல் ஒரே தவணையும் போதும் என உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் நிலையை எட்டியது. இந்த முடிவுக்கு வலுச்சேர்த்த ஆய்வுகளுள் ஒன்று, இந்தியாவில் பாதியில் நிறுத்தப்பட்டதாகும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009இல், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்ளிட்ட மையங்களில், 10 முதல் 18 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைக் கொண்டு இரண்டு தவணைகளை மூன்றோடு ஒப்பிட முற்பட்டது. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த வேறொரு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் சிறுமியர் சிலர் இறந்ததால் எழுந்த எதிர்ப்பையடுத்து, 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது. அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என விசாரணைக் குழு கருதிய போதிலும், அத்திட்டத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் சம்மதப் படிவங்களில் கையொப்பமிட்டது மன்னிக்கத்தக்கதன்று.

இந்தத் தடையால் ஒரு தவணையோடு நின்ற ஏறத்தாழ 5,000 பெண்களைப் பத்தாண்டுகள் வரை கவனித்தபோது, 16, 18 ஆகிய வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றை, அதாவது தானாக அகலாமல் உடலில் தங்கிவிடும் தொற்றை, அந்த ஒரு தவணையே 95 விழுக்காடு தடுத்ததாக 2021இல் வெளியான முடிவுகள் காட்டின. அப்பெண்கள் தாமாக விலகாமல் அரசாணையால் நின்றவர்கள் என்பதால், அக்கறையற்றவர்களே ஒரு தவணையோடு நின்றனர் என்ற வழக்கமான ஐயத்துக்கு இங்கு இடம் குறைவு. இதுவே இவ்வாய்வின் பெரும்பலம். ஆயினும் ஒரு தவணைக் குழு குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதன்று. ஊசி போடாதோர் குழுவும் பின்னாளில் சேர்க்கப்பட்டதே. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இக்குறையை நிவர்த்தி செய்தாலும், அதன் முதல் முடிவுகள் 18 மாதக் கண்காணிப்பையே சார்ந்திருந்தன.

இரண்டு ஆய்வுகளும் அளந்தது தொற்றையே. புற்றுநோயையே நேரடியாக அளந்த ஸ்வீடன் ஆய்வு, 17 வயதுக்கு முன் ஊசி பெற்றோரிடம் 88 விழுக்காடு குறைவைக் கண்டது. ஆனால் அந்நாட்டுத் திட்டம் பல தவணைகளைக் கொண்டது. எனவே ஒற்றைத் தவணை, ஊசி எட்டாதிருந்த கோடிக்கணக்கான சிறுமியருக்கு அதைக் கொண்டுசேர்க்கும் நியாயமான முடிவே என்றாலும், புற்றுநோயையும் அதே அளவில் தடுக்கும் என்பது இன்னும் வலுவான எதிர்பார்ப்பு மட்டுமே. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்திய ஆய்வில் சேர்ந்த மூத்த பெண்களே இப்போதுதான் முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 30 விழுக்காடு புற்றுகளுக்குக் காரணமான பிற வைரஸ் வகைகளும் உள்ளமையால், அவர்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை இனியும் தேவைப்படும்.