சுற்றாத பரிசல்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் ஊர் திரும்பியதும் முதலில் சொல்வது அந்தச் சுற்றலைத்தான். பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும் இடத்தில் பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுக் கிறுகிறுவென்று சுற்றவிடுவார். உள்ளே இருப்பவர்கள் கூச்சலிடுவார்கள், கைபேசிகள் உயரும். சந்தோஷமான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பரிசல் ஓட்டும் திறமையின் உச்சம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு கரையேறுகிறார்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. கோத்திக்கல்லில் தொடங்கிக் கூட்டாறு வழியாக மணல்திட்டு வரை போகும் அந்தச் சின்ன ஓட்டத்தில் கூர்ந்து பார்க்க வேண்டியது பரிசல் சுற்றாமல் போகும் நேரங்களைத்தான். சுற்றவைப்பதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. தண்ணீரே அதைச் செய்துகொடுக்கும். வட்டமான ஒன்றை, முன்னும் பின்னும் அடிக்கட்டையும் இல்லாத ஒன்றை, ஓடும் நீரில் திசை மாறாமல் நிறுத்திவைக்கிறாரே, வித்தை அங்கே இருக்கிறது.

இதற்கு எதிராகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க உதவிய தோல் போர்த்த கூடைப் படகுகளைக் குறித்துவைத்திருக்கிறார். பதினைந்து இருபது பேர் ஏறுவார்கள், தேவைப்பட்டால் குதிரைகளும் மாடுகளும்கூட ஏறும் என்கிறார். கூடவே, இவை மற்றப் படகுகளைப் போல நேராகப் போகமாட்டா, சுற்றிக்கொண்டேதான் போகும் என்றும் எழுதுகிறார். ஆளும் மாடும் ஏறிய கனத்த பரிசலில், கடந்தால் போதும் என்ற அவசரத்தில், சுற்றல் யாருக்கும் பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் பயஸ் ஒன்றாகச் சேர்த்துவிட்ட இரண்டு அசைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துடுப்புக்கும் பரிசல் சற்றே இடமும் வலமும் ஒசியும். அது வட்ட வடிவத்தின் இயல்பு, யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. அந்த ஒசிவு அடுத்த துடுப்பில் திரும்பி வராமல் மேலே மேலே ஏறிப்போனால்தான் சுற்றல். தேர்ந்த கையில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன், சலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பரிசல்காரர் போகும் திசையின் விளிம்பில் உட்காருகிறார். நீரைப் பின்னால் தள்ளிப் படகை முன்னே விரட்டுவதில்லை. எதிரே துடுப்பை இறக்கி நீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார், பரிசல் அந்த இழுப்பின் பின்னால் வருகிறது. மாட்டை வண்டிக்கு முன்னால் பூட்டுவதில் இருக்கும் நியாயம்தான் இது. பின்னாலிருந்து தள்ளப்படும் வட்டம் கொஞ்சம் கோணினாலும் மேலும் கோணும். முன்னாலிருந்து இழுக்கப்படும் வட்டம் தானாக நேருக்கு வந்துவிடும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், பாபிலோனுக்கு வந்த வட்டத் தோல்படகுகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியபோது, இரண்டு பேர் நின்றபடி, ஒருவர் உள்நோக்கி இழுக்க மற்றவர் வெளிநோக்கித் தள்ளிச் செலுத்தினார்கள் என்கிறார். அங்கே இரண்டு ஆள் செய்த காரியத்தை இங்கே ஒற்றைத் துடுப்போடு ஒருவர் செய்கிறார். இடப்பக்கம் ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு. இரண்டும் அளவில் ஒத்திருக்காது. ஒத்திருந்தால் ஏதோ பிசகு என்று அர்த்தம், ஏனென்றால் ஆற்றின் ஓட்டமே இரண்டு பக்கமும் ஒத்திருப்பதில்லை. பக்கத்துக்குப் பக்கம் மாறும் அந்தச் சிறு வித்தியாசத்தில், எந்தப் பக்கம் ஒரு நொடி கூடுதலாகத் துடுப்பு நீருக்குள் தங்குகிறது என்பதில், ஒருவருடைய கை தெரிந்துவிடும்.

உண்மையான சோதனை பாறைக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவே ஒரு கல் நின்றால் அதன் இரு புறமும் நீர் பாய்ந்து இறங்கும். கல்லின் முதுகுக்குப் பின்னே நீர் நின்றுவிடும், சில இடங்களில் மேல்நோக்கியே திரும்பி ஓடும். பாயும் நீருக்கும் நிற்கும் நீருக்கும் இடையிலுள்ள எல்லை ஒரு கோடு போலக் கண்ணுக்கே தெரியும், நுரையும் சருகும் அதில் ஒதுங்கிச் சுழலும். பரிசலின் பாதி அந்தக் கோட்டுக்கு அப்பாலும் பாதி இப்பாலும் இருக்கும்போது ஒரு பாதியை ஆறு இழுக்கிறது, மறு பாதியைப் பிடித்து வைக்கிறது. சுற்றாமல் என்ன செய்யும்? தேர்ந்தவர் கோட்டை நெருங்கும் முன்பே இரண்டு இழுப்பை வேகமாகப் போட்டுப் பரிசலுக்கு உந்தம் ஏற்றிவிடுவார், தயங்கித் தயங்கி நுழைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். நீர் எந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் துடுப்பை ஆழமாக இறக்குவார். இறக்கி, இழுக்காமல், பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நிறுத்தல்தான் என் கணக்கில் முழுப் பயணத்தின் கட்டணத்துக்கும் ஈடு. கூச்சல் எழாது. ஒன்றுமே நடக்காதது போலப் பரிசல் கல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

கயாக் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ரிஷிகேஷிலும் தாண்டேலியிலும் பெரிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒகேனக்கல்லின் இந்தச் சிறு பாய்ச்சல்கள் ஒரு பொருட்டா என்பார்கள். பாய்ச்சல் சிறிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கயாக்குக்கு மூக்கு இருக்கிறது. அதை ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் ஆறே பக்கவாட்டில் தள்ளி அக்கரை சேர்த்துவிடும். வட்டத்துக்கு ஏது சாய்வு? எப்படிப் பிடித்தாலும் அதே முகம்தான். ஆகவே பரிசல்காரர் அக்கரைக்குக் குறி வைக்கும்போது, கடந்து முடிப்பதற்குள் எவ்வளவு தூரம் கீழே அடித்துப்போவோம் என்று மனக்கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் கரையோரமாகவே மேலேறி, பிறகுதான் ஓட்டத்துக்குள் விடுகிறார். கணக்கு பிசகினால் திருத்திக்கொள்ள மூக்கு கிடையாது. படகின் வடிவம் செய்துதர வேண்டிய பாதி வேலையை இங்கே மனிதர் செய்கிறார். எது தேர்ந்த கலை என்பதை வெள்ளத்தின் உயரத்தைக் கொண்டு அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்களை ஏற்றும் முறையிலும் பரிசல்காரருக்கு இதே கவனம்தான். கனத்த ஆளைத் தனக்கு நேர் எதிரே உட்காரவைப்பார், குழந்தைகளை நடுவில். பயணிகள் அதை அதட்டல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பு ஆழத்தில் இழுபடும், பிறகு நேராகப் போவது நடக்காது. பரிசலைப் பின்னும் மூங்கில் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் போய்ப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்ததில் எனக்குக் குறையில்லை. நீர்த்தேக்கங்களில் மீனவர்களிடம் பரவிவிட்ட ஃபைபர் பரிசல் நீண்ட நாள் உழைக்கும், தேங்கிய நீருக்கு அது போதும். கல் நிறைந்த ஓட்டத்துக்குப் பின்னல்தான். பாறையில் பட்டால் மூங்கில் கொஞ்சம் நெளிந்து கொடுத்து வழுக்கிவிடும், அடியில் என்ன உரசுகிறது என்பதும் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும்.

சுற்றினால்தான் பயணி திருப்தியாகிறார், பரிசல்காரர் பிழைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். என் புகார் அவர்மேல் இல்லை, சுற்றச் சொல்லிக் கேட்கிறவர்மேல். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை நெருங்கினால் தேங்கிய நீர் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி வரை ஏறிப் பாய்ச்சல்களை மூழ்கடித்துவிடும். எனவே ஓட்டம் சரியாக இருக்கும் நாட்கள் கிடைப்பதே அரிது. அந்த நாட்களிலும் இளைஞர் ஒருவர் துடுப்பைப் பிடித்ததும் பழகிக்கொள்வது சுற்றுவதைத்தான், ஏனென்றால் கூடுதலாகக் காசு தருவது அதற்குத்தான். நேராக ஓட்டிப் பழக எந்த ஊக்கமும் இல்லை. இதில் எனக்கு மிகவும் வருத்தமான இடம் திரும்பும் பயணம். அருவியைப் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று என்று எல்லோரும் பேச்சில் இறங்கிவிடும் அந்த நேரத்தில்தான், பரிசல்காரர் ஓட்டத்துக்கு எதிராக ஒரு கல்லின் முதுகிலிருந்து அடுத்த கல்லின் முதுகுக்கு, கரைப்பாறையைக் கையால் உந்தியும் துடுப்பால் இழுத்தும், நிற்கும் நீராகப் பார்த்துப் பார்த்து மேலேறிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கல்லுக்கும் அந்தக் கோட்டை இரண்டு முறை கடக்கிறார், உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று.