யத்தீம் அநாதையா?

திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ‘யத்தீம்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘அநாதை’ என்பதே நிகராக நிற்கிறது. இச்சொல்லாட்சி பொருத்தமன்று எனக் கருதுகிறோம். பருவமடையுமுன் தந்தையை இழந்த பிள்ளையே யத்தீம். அநாதையோ காப்போர் எவருமற்றவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தார்கள். ஆயினும் அன்னை ஆமினா, செவிலித்தாய் ஹலீமா, பாட்டனார் அப்துல் முத்தலிப், பெரிய தந்தை அபூதாலிப் என ஒருவர்பின் ஒருவராக அரவணைத்தனர். சீறாப்புராணத்தில் ‘அலிமா முலையூட்டுப் படலம்’ எனத் தனிப் படலமே வகுத்த உமறுப் புலவர் இவ்வரவணைப்பின் அருமையை உணர்ந்தவர்.

சொற்பிழை செயற்பிழையாகவும் வளர்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் தந்தை மறைந்த சிறுவனுக்குத் தாயும் உற்றாரும் பெரும்பாலும் இருப்பர். ‘அநாதை’ எனப் பெயரிட்டுவிட்டாலோ, தொலைவிலுள்ள விடுதிக்கு அவனை அனுப்புவதே அறமெனத் தோன்றிவிடுகிறது. இறைமறையோ அத்தகையோரை நம்மோடு கலந்து வாழும் சகோதரர் என்கிறது (2:220). பருவமெய்தியதும் அவர்தம் உடைமையைச் சாட்சிகள் முன் ஒப்படைக்கப் பணிக்கிறது (4:6). வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது (33:5). பெயரும் உடைமையும் உறவும் குலையாமல் பேணுவதே கஃபாலா. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை 20ஆம் பிரிவில் இதனைப் பெயர் சுட்டியே ஏற்றுள்ளது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் நிதியாதரவுக்கும் வழிசெய்கிறது.

விடுதிகளின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மெய்யாகவே எவருமற்ற பிள்ளைக்கு அவை புகலிடம். ஆனால் தாயுள்ள பிள்ளைக்கான ஸதக்கா முதலில் அத்தாயின் அடுப்படியைச் சென்றடையட்டும். இனிவரும் மொழிபெயர்ப்புகள் ‘தந்தையிழந்த பிள்ளை’ என்றே எழுதட்டும்.