முகம் காணாத இடத்து நட்பு

அரபு மொழியில் நண்பனுக்குரிய சொற்கள் பல. உடனிருப்பவன் ஸாஹிப்; வழித்துணையாக வருபவன் ரஃபீக்; உள்ளத்தின் இடுக்கெல்லாம் புகுந்து நிறைந்தவன் கலீல். ஸதீக் என்னும் சொல்லோ வாய்மையைக் குறிக்கும் ஸித்க் என்பதோடு ஒரே வேரில் கிளைத்தது. வெறுமனே அறிமுகமானவனை இவற்றுள் எதனாலும் அழைப்பதில்லை. அந்த அளவிலான பழக்கத்திற்கு மஃரிஃபா என்று வேறு சொல் இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலும் இவ்வேறுபாடு இல்லாமலில்லை. 'தெரிஞ்சவர்' என்பதற்கும் 'சேக்காளி' என்பதற்கும் இடைப்பட்ட தொலைவை மேலப்பாளையத்துத் தெருக்களில் யாரும் யாருக்கும் கற்பித்ததில்லை.

2004இல் தொடங்கிய முகநூல் இத்தனை சொற்களையும் ஒன்றாக்கிவிட்டது. ஒரு கணக்கில் 5000 பேர் வரை 'நண்பர்கள்' ஆகலாம். 'நட்பு வேண்டுகோள்', 'நட்பு வட்டம்', 'நட்பு நீக்கம்' என்ற தொடர்கள் நம் தமிழிலும் ஊன்றிவிட்டன. இது வெறும் சொற்குற்றம், பொருட்படுத்த வேண்டாம் என்பார் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சொல் மயங்கும்போது அளவுகோலும் மயங்குகிறது. அளவுகோல் மயங்கிய இடத்தில்தான் போலி நுழைகிறது.

அளவுகோல் யாது? ஒரு மனிதரைத் தமக்குத் தெரியும் எனச் சான்றுரைக்க வந்தவரிடம் உமர் (ரலி) மூன்று வினாக்கள் தொடுத்ததாக ஒரு செய்தி உண்டு. இமாம் கஸ்ஸாலியும் தம் இஹ்யாவில் அதனை எடுத்தாண்டுள்ளார். நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்ததுண்டா, பொன்னும் வெள்ளியும் கைமாறும் கொடுக்கல் வாங்கல் உமக்கும் அவருக்கும் நிகழ்ந்ததுண்டா? மூன்றுக்கும் இல்லையென்றே விடை வந்தது. அப்படியாயின் பள்ளியில் அவர் தலை தாழ்ந்து நிமிர்வதைக் கண்டிருப்பீர், அவரை நீர் அறியமாட்டீர் என்று உமர் அவரைத் திருப்பி அனுப்பினாராம்.

பள்ளியில் தொழுவதையே அறிமுகத்திற்குப் போதாத சான்றாகக் கொண்ட அந்த நுட்பம் எண்ணத்தக்கது. காட்சி எத்துணை உயர்ந்ததாயினும் காட்சியே. 2009இல் முகநூல் புகுத்திய விருப்பக்குறியோ அதனினும் எளிது. ஒரு விரலசைவில் அது முடிந்துபோகிறது.

இணைய ஏமாற்றுக்காரர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். ஒருவருடைய பெயரையும் படத்தையும் திருடிப் புதுக்கணக்குத் தொடங்குவது, அவருடைய நண்பர் பட்டியலுக்கே மறுபடி வேண்டுகோள் விடுப்பது, ஏற்றவரிடம் 'மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என எழுதுவது. இதுவே அவர்தம் வழக்கமான முறை. நம் சக ஆசிரியர் ஒருவருக்கு அப்படியொரு செய்தி வந்தது. அவர் மறுமொழி எழுதவில்லை. நேரே தொலைபேசியில் அழைத்தார். நண்பரோ வீட்டில் உண்டுகொண்டிருந்தார். குரலை அறிந்தவரிடம் படம் செல்லவில்லை. படத்தை மட்டும் அறிந்தவரே பணத்தை இழக்கின்றனர்.

இவ்விடத்தில் நம் காலத்து இலக்கியவாணர் பலர் உடனே கடிதத்தைத் துணைக்கழைப்பர். டி.கே.சி. எழுதிய கடிதங்களும் வண்ணதாசன் எழுதிய கடிதங்களும் நூல்களாகிவிட்ட நெல்லைச் சீமையில் இந்த ஏக்கம் இயல்பே. ஆயினும் தாளும் மையும் நட்பை மெய்யாக்கா. பொய்க் கடிதமும் புகழ்ச்சிக் கடிதமும் தபால்காரர் பையில் எக்காலத்தும் இருந்தன. கடிதத்திற்கு ஒரு சிறப்பு உண்டென்றால், அதனைப் பெறுபவர் ஒருவரே என்பதுதான். முகநூற் பதிவுக்கு அப்படி ஒருவர் இல்லை. நண்பனைப் பாராட்டும்போதும் அது அவையைப் பார்த்தே பேசுகிறது.

கருவியைப் பழிப்பதும் முறையன்று. காயல்பட்டினத்தார் ஹாங்காங்கிலும் ஜித்தாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஊரிலுள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளரின் மருத்துவத்துக்கும் பொருள் திரட்டுவதற்கு இணையமே இன்று பாலம். அங்கே வலை உறவை உண்டாக்கவில்லை, சுமந்து செல்கிறது. ஒரே தெருவில் ஓதி வளர்ந்தவர்கள் அவர்கள். உமர் கேட்ட முதல் வினாவுக்கு அவர்களிடம் விடை உண்டு.

இனி வினாவைச் சற்றே ஆழமாக்குவோம். இஹ்யாவின் 15ஆம் நூல் தோழமை பற்றியது. அதில் கஸ்ஸாலி தோழனுக்குரிய உரிமைகளாக எட்டைக் கூறுகிறார். பொருளால் உதவுவதும் குறையை மூடுவதும் பிழை பொறுப்பதும் எவரும் எதிர்பார்ப்பனவே. நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பவை வேறு இரண்டு. ஒன்று, தோழன் உயிரோடிருக்கும்போதும் மறைந்த பின்னும் அவனுக்காக இறைஞ்சுவது. மற்றொன்று வஃபா: நட்பை அவன் இறப்பு வரையும், இறப்புக்குப் பின் அவன் மக்களிடத்தும் நேசர்களிடத்தும் காத்து நிற்பது. இரண்டும் நண்பன் பார்க்க இயலாத இடத்தில் நிகழ்பவை, கைம்மாறு அற்றவை. இவ்வளவுகோலைக் கொண்டு நம் ஊர் இலக்கிய வரலாற்றில் ஒரு நட்பை நோக்குவோம்.

1906இல் பிறந்த புதுமைப்பித்தன் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றவர். தொ.மு.சி. ரகுநாதன் 1923இல் திருநெல்வேலியில் பிறந்தவர். வயதில் 17 ஆண்டு இடைவெளி. சென்னையில் அவர்கள் நெருங்கிப் பழகிய காலம் சில ஆண்டுகளே. 1948இல் காசநோய் கண்டு திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் மறைந்தார். எண்ணிக்கையால் பார்த்தால் மிகச் சிறிய நட்பு அது. ஆனால் ரகுநாதனின் பணி அதன்பின்பே தொடங்குகிறது. 1951இல் 'புதுமைப்பித்தன் வரலாறு' வெளிவந்தது. அந்நூலை இன்று படிப்போர்க்கு வியப்பளிப்பது, நண்பரைப் புனிதராக்கும் முயற்சி அதில் இல்லாமையே. புதுமைப்பித்தன் கதைகளுள் சில பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் தழுவல்கள் என்பதை ரகுநாதன் தாமே அதில் எழுதினார். குறையை மூடுவது தோழமையின் உரிமையன்றோ எனில், அறிவுலகில் அந்த விதி அப்படியே பொருந்தாது என்பது நம் கருத்து. தழுவலைத் தாமே சொல்லிவிட்டதால், பின்னாளில் எல்லாமே தழுவல் என்ற மிகைக்கூற்று எழுந்தபோது மறுக்கும் தகுதி அவருக்கு இருந்தது.

அந்த மறுப்பு 1999இல் வந்தது. நூலின் பெயர் 'புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்'. நண்பர் மறைந்து 51 ஆண்டுகள் கடந்திருந்தன; ரகுநாதனுக்கு வயது 76. அவர் மறைவுக்கு இரண்டே ஆண்டுகள் எஞ்சியிருந்தன. பொருளோ பதவியோ அதனால் அவர்க்கு வரப்போவதில்லை. நன்றி கூறவும் நண்பர் இல்லை. இலக்கியத் திறனாய்வு என்ற முறையில் அந்நூலில் நமக்குக் குறை தோன்றாமலில்லை. தலைப்பிலேயே இடம்பெற்ற 'விஷமத்தனம்' என்ற சொல், மாற்றுக் கருத்தினரின் உள்நோக்கத்தை ஐயுறுகிறது; நேர்மையாகப் பிழைபட்டவர்க்கும் வஞ்சனையாளர்க்கும் உள்ள எல்லைக்கோடு அதனால் மங்குகிறது. அன்பு சினமாகும்போது நேரும் விபத்து இது. ஆயினும் வஃபா என்ற சொல்லுக்கு மாணவர்க்கு உரை கூறும்போது நாம் பக்தாதையும் பஸ்ராவையும் தேடிப் போவதில்லை. பாளையங்கோட்டையில் முதுமையில் அமர்ந்து அந்நூலை எழுதியவரையே காட்டுகிறோம். அவர் மார்க்சியர் என்பது அதற்குத் தடையன்று.

நண்பர் கிட்டாதவரும் நட்பைப் பற்றி எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 414இல் மறைந்த அபூஹய்யான் அத்தௌஹீதி, நட்பையும் நண்பனையும் பற்றி ஒரு நூலைத் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து முடித்தார். தமக்கு நண்பர் எவருமில்லை என்ற கசப்போடுதான் அதன் முகப்பே திறக்கிறது. அறிமுகங்களுக்கு அவர்க்குக் குறைவில்லை. அமைச்சர் அவைகளில் இருந்தவர். அறிமுகத்தை நட்பென்று பெயர் மாற்றி ஆறுதல் கொள்ளாத அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம்.

முகநூலில் இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் ஏற்பாடு 2009 முதல் உண்டு; ஆயினும் யாரேனும் விண்ணப்பித்தால்தான் அது மாறும். நம்மோடு பணியாற்றி மறைந்த பேராசிரியர் ஒருவரின் கணக்கை அவ்வாறு மாற்றுவார் இல்லை. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளை இயந்திரம் அறிவிக்கிறது. பல்லாண்டு வாழ்க என்ற வாழ்த்துகள் அப்பக்கத்தில் வந்து குவிகின்றன. சென்ற ஆண்டு அவற்றை எண்ணிப் பார்த்தோம். 40க்கு மேல் இருந்தன. அன்று மாலை அவர் அடக்கத்தலத்திற்குச் சென்று ஃபாத்திஹா ஓதிய அவருடைய பழைய மாணவர் ஒருவருக்கு முகநூற் கணக்கே இல்லை.