பந்துக்கு இடம் உண்டு, அடித்தவருக்கு இல்லை

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுக்கென நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள புகழரங்கம், ஒரே நிறுவனமாகத் தோன்றினாலும் இரண்டு வேலைகளைச் செய்துவருகிறது: மட்டைகள், கையுறைகள், பந்துகள் ஆகியவற்றின் வழியே ஆட்டத்தின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகம் அதன் ஒரு பாதி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முகம் பொறித்த வெண்கலப் பட்டயங்கள் சுவர்களில் வரிசையாகப் பதிந்திருக்கும் கூடம் மறுபாதி. மட்டையாளர் பேரி பாண்ட்ஸுக்கு அந்தக் கூடத்தில் இடம் உண்டா என்ற நெடுநாள் வழக்கு, இவ்விரு பாதிகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பதால்தான் தீராமல் நீள்கிறது.

கூடத்துக்குச் செல்லும் முதன்மை வழி செய்தியாளர்களின் வாக்கு. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தவர்கள், ஓய்வுபெற்று ஐந்தாண்டு கடந்த வீரர்களிலிருந்து அதிகபட்சம் பத்துப் பேரைத் தேர்வு செய்யலாம். 75 விழுக்காடு வாக்கு பெற்றவருக்கே இடம். இந்த வாக்காளர்கள் தாராளமானவர்கள் என்று ஒருபோதும் பெயரெடுத்ததில்லை: 1936இல் நடந்த முதல் தேர்தலில் ஆட்டத்தின் பெரும் நட்சத்திரமான பேப் ரூத்துக்கே 226இல் 215 வாக்குகள்தாம் கிடைத்தன, 2019இல் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேரா தேர்வாகும்வரை ஒருவர்கூட முழு வாக்கையும் பெற்றதில்லை.

பாண்ட்ஸின் தகுதியை எண்களால் எடைபோட்டால் விவாதமே எழாது. மட்டையாளர் பந்தைப் பெரும்பாலும் வேலிக்கு அப்பால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றிவந்து எடுக்கும் ஓட்டம் ‘ஹோம் ரன்’ எனப்படுகிறது. கிரிக்கெட்டின் சிக்சருக்கு இது உறவு, ஆனால் அதைவிட அரிது. அவ்வகையில் அவர் அடித்த 762 ஓட்டங்களும், 2001இல் ஒரே பருவத்தில் அடித்த 73 ஓட்டங்களும், ஏழு முறை வென்ற மிகுமதிப்புள்ள வீரர் விருதும் இன்றளவும் முறியாத சாதனைகள். அவரைத் தடுப்பது ஸ்டீராய்டு என்ற, தசை வலுவைக் கூட்டும் ஊக்கமருந்து குறித்த குற்றச்சாட்டு. கலிஃபோர்னியாவின் பால்கோ ஆய்வகத்தைச் சுற்றி நடந்த விசாரணையில் அவர் பெயர் அடிபட்டது. தெரிந்தே எதையும் பயன்படுத்தவில்லை என்று அவர் சாட்சியம் அளித்தார். நீதிக்கு இடையூறு செய்ததாக 2011இல் வந்த தீர்ப்பு 2015இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

வாக்குக் கணக்கைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். 2013இல், அவர் பெயர் முதன்முறை வாக்குச்சீட்டில் வந்தபோது கிடைத்தது 36.2 விழுக்காடு, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பான 2022இல் 394 வாக்குகளில் 260, அதாவது 66 விழுக்காடு. ஓய்வுபெற்ற ஒருவரின் கணக்கில் இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் ஓட்டமும் கூடியிருக்க முடியாது என்பதால், மாறியது வாக்காளர் கூட்டமும் அதன் மனமுமே. அதே 2022இல் இன்னொரு மட்டையாளரான டேவிட் ஆர்டிஸ் முதல் முயற்சியிலேயே 307 வாக்குகளுடன் உள்ளே சென்றார். பெயர் வெளியிடாமல் நடத்தப்பட்ட 2003ஆம் ஆண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியோர் பட்டியலில் அவர் இருந்ததாகச் செய்தி வந்திருந்தும், அந்த முடிவின் நம்பகத்தன்மை மீதான ஐயம் அவருக்குச் சாதகமாயிற்று. ஐயத்தின் பலன் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்பட்டதில், பாண்ட்ஸ் செய்தியாளர்களிடம் காட்டிய கடுகடுப்புக்கும் ஆர்டிஸின் சிரித்த முகத்துக்கும் பங்கே இல்லை என்று நம்புவது கடினம்.

வாக்காளர்கள் துணைக்கு அழைப்பது நடத்தை விதியை. வீரரின் ஆட்டத்திறனோடு நேர்மையையும் பண்பையும் கருதவேண்டும் என்கிறது அவ்விதி. ஆனால் கறுப்பின வீரர்களுடன் களமிறங்க மறுத்த கேப் ஆன்சனின் பட்டயம் அங்கே இருக்கிறது. விதியை மீறிப் பந்தில் எச்சிலும் களிம்பும் தடவியதைத் தம் தன்வரலாற்றிலேயே ஒப்புக்கொண்ட பந்துவீச்சாளர் கேலார்ட் பெரி 1991இல் தேர்வானார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊக்கமருந்துக் காலத்தில் ஆட்டத்தின் தலைமை ஆணையராக இருந்த பட் செலிக்கை, ஒரு சிறு குழு 2016 டிசம்பரில் தேர்ந்தெடுத்தது. கடையை நடத்தியவருக்கு மாலையும், அங்கே சரக்கு வாங்கியதாகச் சொல்லப்படுபவருக்குப் பூட்டிய கதவும் என்பது நீதியின் எந்தக் கணக்கிலும் சேராது.

பாண்ட்ஸின் ஆதரவாளர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதமும் வலுவற்றதே. ஐயத்துக்குரிய காலம் தொடங்குமுன்பே மூன்று முறை மிகுமதிப்புள்ள வீரர் விருதை வென்றுவிட்டதால் அந்தப் பகுதிக்காகவேனும் இடம் தரலாம் என்கின்றனர். ஒருவரின் ஆட்டவாழ்வைத் துணிபோலக் கிழித்து நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது சலுகையே ஒழிய மதிப்பீடு ஆகாது. முழுமையாக ஏற்று, நடந்ததைப் பட்டயத்திலேயே பொறிப்பதுதான் முறை.

அதற்கு முன்னுதாரணம் அருங்காட்சியகத்திடமே உள்ளது. ஹாங்க் ஆரனின் 755 ஹோம் ரன் சாதனையை முறியடிக்க 2007 ஆகஸ்டு 7 அன்று பாண்ட்ஸ் அடித்த 756ஆவது ஹோம் ரன் பந்தை, ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, அதை என்ன செய்யலாம் என்று பொதுமக்களிடம் இணையத்தில் வாக்கு கேட்டார். விண்வெளிக்கு அனுப்பிவிடலாம் என்பதும் தெரிவுகளுள் ஒன்று. வென்றது வேறொரு தெரிவு: ஐயத்துக்குரிய சாதனை என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறி, பந்தின் வெள்ளைத் தோலில் வெட்டிப் பதிக்கப்பட்டது. வடுவோடு வந்த அந்தப் பந்தைக் கூப்பர்ஸ்டவுன் 2008இல் ஏற்றுக்கொண்டது.

செய்தியாளர் வாக்கில் தவறியவர்களைப் பதினாறு பேர் கொண்ட குழு மறுபரிசீலனை செய்வதுண்டு. 2025 டிசம்பரில் அக்குழு, பாண்ட்ஸின் பழைய அணித்தோழர் ஜெஃப் கென்ட்டை 14 வாக்குகளுடன் தேர்ந்தெடுத்தது. பாண்ட்ஸுக்கு ஐந்து வாக்குகூடத் தேறவில்லை. ஐந்துக்கும் குறைவாகப் பெற்றவர்களை விலக்கிவைக்கும் புதிய விதிப்படி அவர் பெயர் அடுத்த சுற்றில் இடம்பெறாது; அதற்கடுத்த வாய்ப்பு 2031இல், அவருடைய 67ஆம் வயதில்.